கார் இன்சூரன்ஸ்: யாருக்கு, எவ்வளவு வரை?

(குத்தாலத்தில் நடந்த நமது அறக்கட்டளையின் ஆலோசனைக் கூட்டத்தில், மோட்டார் விபத்து இழப்பீட்டு வழக்குகளை நடத்திவரும் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



கார் வைத்திருப்பவர் இன்சூரன்ஸ் எடுக்கும்போது எவ்வளவு தொகைக்கு எடுக்க வேண்டும்? நிர்வாகிகள் என்னிடம் கொடுத்த தலைப்பு இதுதான். அமெரிக்காவில் மகன் இருக்கும் பெரியவர் ஒருவர் இந்தக் கேள்வியை எழுப்பினார் என்று சொன்னார்கள். அவர் கேட்டதில் தவறே இல்லை. அங்கே முதல் கேள்வியே அதுதான். கலிபோர்னியா மாநிலத்தில் 2025 ஜனவரி 1 முதல், நம் வண்டியால் காயப்பட்ட ஒருவருக்கு 30,000 டாலர், ஒரு விபத்தில் எத்தனை பேர் அடிபட்டாலும் மொத்தம் 60,000 டாலர், பொருள் சேதத்துக்கு 15,000 டாலர் என்பது குறைந்தபட்ச வரம்பு. அதற்கு மேல் எவ்வளவு வேண்டும் என்பதை வண்டிக்காரரே முடிவு செய்கிறார். கோர்ட்டு போடும் தொகை அந்த வரம்பைத் தாண்டினால் மீதி அவருடைய பொறுப்பு.

நம் நாட்டில் ஏற்பாடு வேறு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-வது பிரிவு இன்சூரன்ஸைக் கட்டாயமாக்குகிறது. அந்தப் பாலிசியில், நம் வண்டி மோதி ரோட்டில் போகும் ஒருவர் இறந்தாலோ காயப்பட்டாலோ, உச்ச வரம்பு கிடையாது. தீர்ப்பாயம் 5 லட்சம் போட்டாலும், 50 லட்சம் போட்டாலும், 2 கோடி போட்டாலும் இன்சூரன்ஸ் நிறுவனம்தான் கட்ட வேண்டும். அதனால் பிறர் உயிருக்கு எவ்வளவு என்று யோசிக்கும் வேலை நமக்கு இல்லை. 2022 ஜூன் முதல் உள்ள கட்டணப்படி 1000 சி.சி.க்கு உட்பட்ட சிறிய காருக்கு 2,094 ரூபாய், 1500 சி.சி. வரை 3,416, அதற்கு மேல் 7,897. ஜி.எஸ்.டி. தனி. சிறிய கார் என்பதால் குறைந்த பாதுகாப்பு என்று இதில் எதுவும் இல்லை.

அந்த 2,094 ரூபாய் எதைத் தாங்குகிறது என்பதைக் கணக்காகவே சொல்கிறேன். 35 வயதுக் கொத்தனார் ஒருவர். மாத வருமானம் 20,000. மனைவி, இரண்டு பிள்ளைகள், தாயார் என நாலு பேர் அவரை நம்பி இருக்கிறார்கள். கல்லணை–பூம்புகார் சாலையில் நம் கார் மோதி அவர் இறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். உச்ச நீதிமன்றம் 2009-இலும் 2017-இலும் வகுத்துக் கொடுத்த கணக்கு முறை இப்படிப் போகும். நாற்பது வயதுக்குக் கீழே சுயதொழில் செய்பவர், பின்னால் அதிகம் சம்பாதித்திருப்பார் என்று வருமானத்தோடு 40 சதவீதம் கூட்ட வேண்டும்: 28,000. அவர் தனக்கென்று செலவழித்திருக்கக்கூடிய நாலில் ஒரு பங்கைக் கழித்தால் 21,000. வருடத்துக்கு 2,52,000. அந்த வயதுக்கு உரிய பெருக்கல் எண் 16. ஆக 40,32,000 ரூபாய். அடக்கச் செலவு, துணையை இழந்தது, தகப்பனை இழந்தது என்ற தலைப்புகளில் இன்னும் ஏறக்குறைய இரண்டு லட்சம். மனு போட்ட நாளிலிருந்து வட்டி.

ஒரு கொத்தனாருக்கே இது. வெளிநாட்டுச் சம்பளக்காரர் என்றால் நீங்களே பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாலிசி காலாவதியாகியிருந்தால் இந்த 40 லட்சம் வண்டி சொந்தக்காரர் தலையில் விழுகிறது. வீட்டையும் நஞ்சையையும் ஜப்தி செய்யும் அளவுக்குப் போகும். அவர் மௌத்தாகிவிட்டாலும் அவர் விட்டுச்சென்ற சொத்தின் அளவுக்கு அது தொடரும். கடனைத் தீர்த்த பிறகுதான் வாரிசுகளுக்குப் பங்கு என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் நம் ஊரில் இன்சூரன்ஸ் இல்லாத வண்டி என்றால் போலீஸ் போடும் 2,000 ரூபாய் அபராதம்தான் எல்லோர் நினைவுக்கும் வருகிறது. இரண்டாம் முறை 4,000. மூன்று மாதம் வரை சிறைத் தண்டனையும் சட்டத்தில் உண்டு. அது சிறிய செலவு. பெரிய செலவை நான் இப்போது சொன்னேன்.

அப்படியானால் நாம் தேர்ந்தெடுப்பது எதை? இரண்டு விஷயங்களை. இரண்டையும் பெரும்பாலோர் தெரியாமலேயே தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள்.

முதலாவது சிறியது. பிறருடைய பொருளுக்கு நாம் செய்யும் சேதம். அடுத்தவர் கார், கடையின் ஷட்டர், மின் கம்பம், ரோட்டோரத்தில் கட்டியிருக்கும் மாடு, வீட்டுச் சுவர். இதற்கு மட்டும் வரம்பு உண்டு. காருக்கு 7,50,000 ரூபாய், இருசக்கர வாகனத்துக்கு ஒரு லட்சம். இந்த வரம்பை 6,000 ரூபாயாகக் குறைத்துக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்தால் காருக்கு 100 ரூபாயும் பைக்குக்கு 50 ரூபாயும் பிரீமியத்தில் தள்ளுபடி. அந்த ஆறாயிரம் 1988 சட்டத்தில் எழுதிய தொகை. அப்போது ஆறாயிரத்துக்கு மதிப்பு இருந்தது. இன்றைக்கு ஒரு காரின் முன்பக்க பம்பருக்கும் ஹெட்லைட்டுக்கும் காணாது. ஏஜெண்ட் உங்களுக்கு 100 ரூபாய் மிச்சம் பிடித்துத் தந்ததாக நினைத்துக்கொண்டு இதைச் செய்துவிடுவார். பாலிசித் தாளில் டி.பி.பி.டி. என்ற எழுத்துகளுக்கு எதிரே என்ன தொகை இருக்கிறது என்று பாருங்கள். 6,000 என்று இருந்தால், அல்லது ஐ.எம்.டி. 20 என்ற எண் இருந்தால், அடுத்த முறை புதுப்பிக்கும்போது அந்தத் தள்ளுபடி வேண்டாம் என்று சொல்லுங்கள். இதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

இரண்டாவதுதான் நான் இங்கே வந்ததற்கான காரணம்.

தேர்டு பார்ட்டி என்றால் மூன்றாம் ஆள். முதல் ஆள் நீங்கள், இரண்டாம் ஆள் இன்சூரன்ஸ் நிறுவனம். ரோட்டில் போகிறவர் மூன்றாம் ஆள். சரி, உங்கள் காரின் பின்சீட்டில் இருக்கும் உங்கள் ராத்தா யார்? மச்சான் யார்? நிக்காஹ்வுக்கு நம் காரிலேயே வாங்க என்று நீங்கள் ஏற்றிக்கொண்ட பக்கத்து வீட்டுப் பெரியம்மா யார்? வெறும் தேர்டு பார்ட்டி பாலிசியில், அதாவது சட்டம் கேட்கும் குறைந்தபட்சப் பாலிசியில், கட்டணம் கொடுக்காமல் உங்கள் சொந்தக் காரில் வரும் இவர்கள் யாரும் வரமாட்டார்கள். பைக்கின் பின்னால் உட்கார்ந்து வரும் மனைவிக்கும் இதே நிலைதான் என்று உச்ச நீதிமன்றம் 2006-இல் சொல்லிவிட்டது. நீங்கள் மோதிய அந்நியருக்கு வரம்பில்லாத பாதுகாப்பு. உங்களை நம்பி உங்கள் வண்டியில் ஏறியவருக்குப் பூஜ்யம்.

பேக்கேஜ் பாலிசி, அதாவது ஃபுல் இன்சூரன்ஸ், காம்ப்ரிஹென்சிவ் என்று நாம் சொல்வது, இருந்தால் நிலைமை மாறுகிறது. அதில் காரில் இருப்பவர்களுக்கும் பைக்கின் பின்னால் இருப்பவருக்கும் பொறுப்பு உண்டு என்று இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையம் 2009 நவம்பரில் சுற்றறிக்கை விட்டது. 2012-இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது.

நம் மக்கள் என்ன சொல்கிறார்கள்? வண்டி பத்து வருடப் பழசு பாய், அடிபட்டால் போகட்டும், அதற்கு எதற்கு ஃபுல் இன்சூரன்ஸ்? தகரத்துக்காகத்தான் ஃபுல் இன்சூரன்ஸ் என்று நினைக்கிறார்கள். தகரம் போகட்டும், நானும் அதையேதான் சொல்கிறேன். அந்தக் கூடுதல் பணத்தை நீங்கள் கட்டுவது உள்ளே உட்கார்ந்திருக்கும் ஐந்து உயிருக்காக. வண்டி பழசானால் அதன் மதிப்பு குறையும், மதிப்பு குறைந்தால் அந்தப் பகுதிக்கான பிரீமியமும் குறையும். பழைய காருக்கு ஃபுல் இன்சூரன்ஸ் எடுப்பது நீங்கள் நினைக்கும் அளவுக்குச் செலவு இல்லை. பத்து வருடக் காரில் உட்காரும் உம்மாவின் உயிருக்குத் தேய்மானம் கிடையாது.

இது கற்பனைக் கேள்வி அல்ல. 2016-இல் நடந்த ஒரு கார் விபத்தில் காரில் இருந்த ஒருவர் இறந்துபோனார். ஈரோட்டுத் தீர்ப்பாயம் 2019-இல் அவர் குடும்பத்துக்கு 14 லட்சத்து 65 ஆயிரம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. இன்சூரன்ஸ் நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. பாலிசி வெறும் சட்டப் பாலிசி, காரில் இருந்தவர் மூன்றாம் ஆள் அல்ல என்பது அவர்கள் வாதம். அது நின்றது. தீர்ப்பளித்த நீதிபதி எஸ். வைத்தியநாதன், வண்டி வாங்கும்போது பாலிசியின் நிபந்தனைகளை விற்பவர் விளக்குவதும் இல்லை, வாங்குபவர் கேட்டுத் தெரிந்துகொள்வதும் இல்லை என்று வருந்தினார். 2021 செப்டம்பர் 1 முதல் விற்கப்படும் ஒவ்வொரு புது வண்டிக்கும் ஓட்டுநர், பயணிகள், உரிமையாளர் எல்லோரையும் சேர்த்து ஐந்து வருடத்துக்கு பம்பர் டு பம்பர் இன்சூரன்ஸ் கட்டாயம் என்றும் உத்தரவிட்டார். தமிழ்நாடு முழுக்க அது பெரிய செய்தியானது. ஷோரூம்களில் குழப்பம். நடைமுறைச் சிக்கல்களை நிறுவனங்கள் எடுத்துச் சொல்ல, அதே செப்டம்பர் மாதத்தில் நீதிமன்றமே அந்த உத்தரவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

உத்தரவு வந்தது எல்லோருக்கும் தெரியும். திரும்பப் பெறப்பட்டது பாதிப் பேருக்குத் தெரியாது. இன்றும் சிலர் என்னிடம், இப்போதுதான் எல்லா வண்டிக்கும் பம்பர் டு பம்பர் வந்துவிட்டதே என்கிறார்கள். வரவில்லை. கட்டாயம் எதுவும் இல்லை. நீங்கள் கேட்டு வாங்கினால்தான் உண்டு.

புதுக் கார்க்காரர்களுக்கு இதில் ஒரு பொறி இருக்கிறது. கோயம்புத்தூர் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த சாலைப் பாதுகாப்பு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, 2018 செப்டம்பர் 1 முதல் புதுக் காருக்கு மூன்று வருடமும் புது பைக்குக்கு ஐந்து வருடமும் தேர்டு பார்ட்டியைச் சேர்த்தே கட்டிவிட வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் வண்டியின் சொந்தச் சேதத்துக்கான பகுதி பெரும்பாலும் ஒரு வருடத்துக்குத்தான் இருக்கும். முதல் வருடம் முடிந்ததும் போன் வரும். இன்சூரன்ஸ் மூன்று வருடம் இருக்கிறதே என்று நாம் போனை வைத்துவிடுவோம். அந்த நாளிலிருந்து கையில் இருப்பது வெறும் தேர்டு பார்ட்டி. உள்ளே இருந்தவருக்குப் பணம் கேட்டு வழக்கு வந்தால் நிறுவனம் தகராறு செய்ய அதுவே போதும்.

அடுத்து, வண்டி ஓட்டுகிறவர். இதைச் சபுராளிக் குடும்பங்கள் கவனமாகக் கேட்க வேண்டும். குத்தாலத்திலும் தேரழுந்தூரிலும் நீடூரிலும் நான் பார்க்கும் கார்களில் நிறைய, சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்கும் அண்ணன் பெயரில் இருக்கின்றன. ஓட்டுவது இங்கே இருக்கும் தம்பி. பாலிசியில் உரிமையாளர்–ஓட்டுநர் தனிநபர் விபத்துக் காப்பீடு என்று ஒரு வரி இருக்கும். முன்பு அது காருக்கு இரண்டு லட்சம்தான். சென்னை உயர் நீதிமன்றம் 2017-இல் சொன்னதை ஒட்டி 2018-இல் 15 லட்சமாக்கினார்கள். ஆனால் அது யாருக்கு? ஆர்.சி. புத்தகத்தில் பெயர் உள்ளவர், செல்லுபடியாகும் லைசென்ஸோடு, தானே அந்த வண்டியில் இருந்தால் அவருக்கு. தம்பிக்கு அல்ல. அண்ணன் துபாயில் இருக்கிறார். அவர் பெயரில் 15 லட்சம் இருக்கிறது. இங்கே மரத்தில் மோதி உயிர் விட்ட தம்பிக்கு ஒன்றும் இல்லை.

சரி, அண்ணனுடைய பாலிசியில் தம்பியின் மனைவி வழக்குப் போட்டால்? தம்பியே கவனக்குறைவாக ஓட்டியிருந்தால் கிடைக்காது. வண்டியை இரவல் வாங்கி ஓட்டியவர் சொந்தக்காரர் இடத்தில் நிற்கிறார், தன் தவறுக்குத் தானே பணம் கேட்க முடியாது என்பது சட்டம். கர்நாடகாவில் இப்படி இறந்த ஒருவரின் குடும்பம் 80 லட்சம் கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2025 ஜூலையில் மனு தள்ளுபடி ஆனது.

இதற்கு வழி உண்டு, பெரிய செலவும் இல்லை. ஓட்டுகிற தம்பியின் பெயரில் தனியாக ஒரு விபத்துக் காப்பீட்டுப் பாலிசி எடுங்கள். அவர் பைக்கில் போனாலும் பஸ்ஸில் போனாலும் அது கூடவே வரும். கார் பாலிசியிலேயே, உள்ளே பயணிக்கும் பெயர் குறிப்பிடாத நபர்களுக்கென்று ஒரு விபத்துக் காப்பீடு சேர்க்கலாம். ஆளுக்கு இரண்டு லட்சம் வரை, சில நூறு ரூபாயில். சம்பளத்துக்கு டிரைவர் வைத்திருந்தால் அவருக்கான பொறுப்பு என்று 50 ரூபாய் கட்டும் வரி ஒன்று உண்டு. அதைக் கட்டாமல் விடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. ஐம்பது ரூபாய்!

இனி லோடு வண்டி. நடவுக்குப் பெண்களை டிராக்டர் டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போகிறோம். நாகூர் கந்தூரிக்குக் குட்டி யானையில் இருபது பேர் போகிறோம். மௌத் செய்தி வந்தால் கிடைத்த லோடு வண்டியில் ஏறிவிடுகிறோம். சரக்கு வண்டியின் பாலிசியில் டிரைவர், வண்டியில் வேலை செய்பவர், சரக்கோடு வரும் அதன் சொந்தக்காரர் ஆகியோருக்குத்தான் இடம். சும்மா ஏறி வருபவருக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. டிராக்டருக்குப் பாலிசி இருக்கும், டிரெய்லருக்குத் தனியாக எடுத்திருக்க மாட்டார்கள். இன்சூரன்ஸ் வரம்பைக் கூட்டி இதைச் சரி செய்ய முடியாது. ஆள் ஏற்றுகிற பெர்மிட் உள்ள வேன்தான் வழி. நம் ஜமாஅத் வழியாக ஏற்பாடு செய்யும் பயணங்களிலாவது இதை ஒரு விதியாக வைத்துக்கொள்ள வேண்டும் என்று நிர்வாகிகளிடம் கேட்டுக்கொள்கிறேன். நூறு நாள் வேலைக்கும் நடவுக்கும் போகும் பெண்கள் இறந்தால் அந்தக் குடும்பம் கடைசியில் வந்து நிற்பது இந்த பைத்துல்மால் வாசலில்தான்.

பாலிசி சரியாக இருந்தும் பணம் நம்மிடமே திரும்ப வரும் சந்தர்ப்பங்கள் உண்டு. லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டினார், சொந்த உபயோகத்துக்கான காரை வாடகைக்கு விட்டார் என்றால், பாதிக்கப்பட்டவருக்கு முதலில் கட்டிவிட்டு அதை வண்டிக்காரரிடம் வசூலித்துக்கொள் என்று நிறுவனத்துக்குத் தீர்ப்பாயம் உத்தரவிடும். பதினாறு வயதுப் பையனிடம் ஸ்கூட்டர் சாவியைக் கொடுக்கும் அத்தாமார்கள் இதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். 2019 திருத்தத்தின்படி அவர்களுக்கு 25,000 ரூபாய் அபராதம், மூன்று வருடம் வரை சிறை. வண்டியின் பதிவு ஒரு வருடத்துக்கு ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது.

இன்சூரன்ஸ் மார்க்கத்தில் கூடுமா என்று இந்தக் கூட்டத்தில் ஒருவராவது கேட்பார் என்று எனக்குத் தெரியும். நான் வக்கீல், ஃபத்வா சொல்ல எனக்குத் தகுதி இல்லை. மலேசியாவில் 1984-இலேயே தகாஃபுல் சட்டம் கொண்டுவந்தார்கள், அங்கே காருக்கும் தகாஃபுல் எடுக்கலாம். நம் நாட்டில் மோட்டார் வாகனத்துக்கு அப்படி ஒன்று விற்பனையில் இல்லை. தேர்டு பார்ட்டி சட்டக் கட்டாயம். அதற்கு மேல் எடுப்பது பற்றி உங்கள் ஆலிம்களிடம் கேளுங்கள். கேட்கும்போது, வண்டித் தகரத்துக்கு எடுக்கலாமா என்று மட்டும் கேட்காதீர்கள். என் காரில் ஏறுகிற பிறருக்கு நான் பொறுப்பேற்க எடுக்கலாமா என்றும் கேளுங்கள். இரண்டும் வேறு வேறு கேள்வி.

விபத்து நடந்துவிட்டால் ஒரு விஷயம் முக்கியம். 2022 ஏப்ரல் முதல், இழப்பீட்டு மனுவை ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடியட்டும், இத்தா முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே போகாதீர்கள். எஃப்.ஐ.ஆர். நகல், பிரேதப் பரிசோதனை அறிக்கை, வருமானத்துக்கான ஆதாரம் ஆகியவற்றை அந்த நாட்களிலேயே வீட்டு ஆண் ஒருவர் சேர்த்து வைக்கலாம். மோதிய வண்டி நிற்காமல் போய்விட்டாலும் கைவிட வேண்டாம். வண்டி எது என்று தெரியாத விபத்துக்கு, இறந்தவர் குடும்பத்துக்கு இரண்டு லட்சமும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் அரசுத் திட்டத்தில் உண்டு. வருவாய்த் துறை அலுவலகம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். படிவத்தை அறக்கட்டளை அலுவலகத்தில் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

நாளை அசர் தொழுகைக்குப் பிறகு மஃரிப் வரை நான் அந்த அலுவலகத்தில்தான் இருப்பேன், இன்ஷா அல்லாஹ். பாலிசித் தாளையும் ஆர்.சி. நகலையும் கொண்டு வாருங்கள். தாள் கிடைக்கவில்லை என்றால் செல்போனில் எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு, தேதி உயிரோடு இருக்கிறதா என்றாவது பார்த்துவிட்டு வாருங்கள். வண்டி வெளிநாட்டில் இருப்பவர் பெயரில் இருந்தால், இங்கே யார் ஓட்டுகிறாரோ அவரும் லைசென்ஸோடு வர வேண்டும். வஸ்ஸலாம்.